இன்னொரு முறை பாருங்கள்





சென்ற இதழில் இந்தப் பக்கம் வரவில்லை. ‘உடம்பு சரியில்லையா?’ என்று விசாரித்துப் பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. என் பெரியம்மாவுக்குத்தான். இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று போன் பண்ணி, ‘காபியில சர்க்கரை போடக் கூடாதுங்கிறா உன் அண்ணி’ என்று புகார் சொல்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு ராத்திரியை என்னால் மறக்க முடியவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த பெரியம்மா, ‘நெஞ்சைக் கரிக்குதுடா’ என்றார். வயது 76. இருபது வருடமாகச் சர்க்கரை. ‘வாயுதான், சுக்குத் தட்டிக் கஷாயம் போடு’ என்று அவரே வைத்தியமும் சொல்லிவிட்டார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு எப்போதும் சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. அஜீரணம்போல, அசதிபோல, வெறும் வேர்வையாகக்கூட வரும் என்று இந்த இதழிலேயே ஒரு மருத்துவர் எழுதியது ஞாபகம் வந்தது. கஷாயத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு நானும் அண்ணியும் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. ஒரு கட்டடத்தின் மீது பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. நான் பார்த்ததை நீங்களும் வேறொரு ஊரில், வேறொரு பெயர்ப் பலகைக்குக் கீழே பார்த்திருப்பீர்கள்.

உள்ளே போனதும் நடந்தவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. வாசலிலேயே ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். ஈ.சி.ஜி. எடுத்தாள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சீனியர் டாக்டரிடம் ஓடிப்போய்க் காட்டிவிட்டு வந்து, ‘ஈ.சி.ஜி. நார்மலா இருக்கு அங்கிள். பிளட் அனுப்பியிருக்கோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் வெளிய உக்காருங்க’ என்றாள். மஞ்சள் நிற அட்டை ஒன்று கொடுத்தாள்.

அந்த மஞ்சளுக்கு அர்த்தம் உண்டு. உயிர் ஊசலாடுகிறவர்களுக்குச் சிவப்பு. உடனே பார்க்க வேண்டும். கொஞ்சம் பொறுக்கலாம், ஆனால் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றால் மஞ்சள். காய்ச்சல், சிராய்ப்பு என்று நடந்து வருகிறவர்களுக்குப் பச்சை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் சில வருடங்களாக இருக்கிற முறை இது. டிரையாஜ் என்பார்கள். பிரெஞ்சுச் சொல், பிரித்தெடுப்பது என்று பொருள். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே என்பவர், காயம்பட்டவன் தளபதியா சிப்பாயா என்று பார்க்காமல், யாருக்கு ஆபத்து அதிகமோ அவனை முதலில் தூக்கச் சொன்னார். அங்கிருந்து தொடங்கிய வழக்கம் இது. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது ரேஷன் கடைக்குச் சரி. அவசரப் பிரிவுக்கு அது அநியாயம். அதனால் எங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூட்டிப்போனபோது எனக்குக் கோபம் வரவில்லை. லாரியில் அடிபட்ட பையன் அவன்.

ஆக, காத்திருப்பதில் தப்பில்லை. எப்படிக் காத்திருக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மஞ்சள் பகுதியில் படுக்கை காலியில்லை. நடைபாதையில் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். மூன்று நாற்காலிகளை ஒன்றாகச் சேர்த்திருப்பார்களே, அந்த மாதிரி. நடு நாற்காலிக்கு முதுகு இல்லை. எதிரே ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டிலை மாட்ட ஸ்டாண்டு இல்லை. அவர் மனைவி பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றுவார். இடது கை வலித்தால் வலது கைக்கு. கை மாற்றும்போதெல்லாம் அவர் பார்வை பாட்டிலின் கழுத்தில் விழும் சொட்டின் மீதே இருந்தது. சொட்டு நின்றுவிடக் கூடாதே என்ற கவலை.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. ரிசல்ட் வந்ததா என்று கேட்கப் போனால், கவுன்டரில் ‘கூப்பிடுவாங்க சார்’ என்ற ஒரே பதில். யார் கூப்பிடுவார்கள், எப்போது கூப்பிடுவார்கள் என்பதற்குப் பதில் இல்லை. ஹவுஸ் சர்ஜன் பெண் இரண்டு முறை எங்களைக் கடந்து ஓடினாள். அவளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவள் கோட்டுப் பையில் பாதி கடித்த பன் ஒன்று காகிதத்தோடு துருத்திக்கொண்டிருந்தது.

ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எங்கள் பக்கம் வந்தார். எங்களுக்காக வரவில்லை, பக்கத்து அறையில் ஏதோ மருந்து எடுக்க வந்தவர். போகிற போக்கில் பெரியம்மாவைப் பார்த்தார். நின்றார். நெற்றியில் கை வைத்தார். ‘பாட்டிம்மா, இப்ப எப்படி இருக்கு?’ என்றார். ‘தாடை வலிக்குதும்மா’ என்றார் பெரியம்மா. எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை. ‘எல்லாரும் வேலையா இருக்காங்க, நாம வேற தொந்தரவு பண்ணணுமா’ என்று இருந்திருக்கிறார். நர்ஸ் உடனே ஒரு சக்கர நாற்காலியை இழுத்து, அவரை அதில் உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். இரண்டாவது ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் மாற்றம் தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மின்னல் வேகம். விடிவதற்குள் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

மாரடைப்பில் முதல் ஈ.சி.ஜி. சுத்தமாக இருப்பது அபூர்வம் இல்லை என்று பிறகு டாக்டர் விளக்கினார். இதயம் பாதிக்கப்பட்டதைக் காட்டும் ட்ரோப்போனின் ரத்தத்தில் ஏறுவதற்கும் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் வலி நீடித்தால் ஈ.சி.ஜி.யை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் முறை பார்த்தவர்கள் தவறு செய்யவில்லை. இரண்டாம் முறை பார்க்க யாரும் இல்லாததுதான் தவறு. அந்த நர்ஸுக்கு வேறொரு அலமாரியில் அந்த மருந்து கிடைத்திருந்தால் இந்தப் பக்கத்தை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. கனடாவில் வின்னிபெக் என்று ஒரு நகரம். 2008 செப்டம்பரில் அங்குள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு பிரையன் சின்க்ளேர் என்பவர் வந்தார். வயது 45. பூர்வகுடி இனத்தவர். இரண்டு கால்களையும் இழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருந்த குழாய் அடைத்துக்கொண்டது என்று கிளினிக்கில் பார்த்த மருத்துவர் அனுப்பிவைத்திருந்தார். வரவேற்பில் இருந்த ஊழியரிடம் பேசினார். ஏதோ குறித்துக்கொண்டார்கள். ஆனால் அவர் பெயர் பதிவில் ஏறவே இல்லை. அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்தார். மற்ற நோயாளிகளும் கூட வந்தவர்களும் ஊழியர்களிடம் போய்ச் சொன்னார்கள். குடித்துவிட்டுத் தூங்குகிறார், குளிருக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். 34 மணி நேரம். கடைசியில் யாரோ தொட்டுப் பார்த்தபோது உடம்பு விறைத்திருந்தது. புதுக் குழாயும் கிருமிக்கொல்லி மருந்தும் இருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய நோய்.

அது பணக்கார நாடு. சிகிச்சைக்குக் காசு கேட்காத நாடு. ஸ்டாண்டு இல்லை, ஸ்ட்ரெச்சர் இல்லை என்ற பேச்சே இல்லாத இடம். இருந்தும் ஒரு மனிதர் எல்லார் கண் முன்னாலும் இறந்துபோனார். உட்கார்ந்திருந்தவரை இன்னொரு முறை பார்க்க அங்கேயும் யாருக்கும் தோன்றவில்லை. இங்கிலாந்தின் கதையும் நமக்கு ஆறுதல் தராது. அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் 95 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்பிவிட வேண்டும் என்று அங்கே இலக்கு வைத்தார்கள். 2015-க்குப் பிறகு அந்த இலக்கை எட்டவே முடியவில்லை.

அவசரப் பிரிவில் ஏன் இப்படி ஆட்கள் தேங்குகிறார்கள்? கூட்டம் அதிகம் என்பது பாதி உண்மைதான். வயலில் தண்ணீர் தேங்கினால் வாய்க்காலை மட்டும் பார்க்கிறோமா? வடிகால் மடை அடைத்திருக்கிறதா என்றும் பார்ப்போம். அவசரப் பிரிவின் மடை மேல் மாடியில் இருக்கிறது. வார்டில் சேர்க்க வேண்டும் என்று முடிவான நோயாளிக்கு மேலே படுக்கை கிடைக்காது. அவர் கீழேயே ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். அவர் கிடக்கிற இடத்துக்கு அடுத்தவர் வர முடியாது. மேலே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டவர், டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்தாகச் சாயங்காலம் வரை படுக்கையில் காத்திருப்பார். ஒரு கையெழுத்து தாமதமானால் நான்கு மாடிக்குக் கீழே ஒரு பாட்டி முதுகில்லாத நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது. புறநோயாளிப் பிரிவு மதியத்தோடு மூடிவிடுகிறது. அதற்கு மேல் காய்ச்சல் வந்த கூலித் தொழிலாளி எங்கே போவார்? அவரும் இங்கேதான் வருவார். இத்தனைக்கும் நடுவில் நிற்பது எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு வருடப் பயிற்சியில் இருக்கிற பிள்ளைகள். அவசர மருத்துவத்தையே ஒரு தனித் துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்தது 2009-இல்தான் என்றால், நாம் எவ்வளவு தாமதமாக விழித்துக்கொண்டோம் என்று பாருங்கள்.

நடந்த நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நம் மாநிலத்தில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ‘வண்டிக்கு எங்கே போவேன்’ என்ற கேள்வி கிராமத்திலும் இன்று பெரும்பாலும் இல்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த மாநிலத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் பார்த்தாக வேண்டும்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. ‘இது போலீஸ் கேஸ், வேறு ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று அனுப்பப்பட்டு வழியிலேயே ஒருவர் இறந்ததை வைத்து பர்மானந்த் கட்டாரா என்பவர் தொடர்ந்த வழக்கில், உயிரைக் காப்பதுதான் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக ‘படுக்கை இல்லை’ என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் போய்ப் பிழைத்தார். 1996-இல் அந்த வழக்கில் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவமனையில் அவசரச் சிகிச்சை மறுக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமையையே மறுப்பதாகும் என்றது.

ஆம்புலன்ஸ் வாசல் வரை கொண்டுவந்து விடுகிறது. சட்டம் வாசலைத் திறந்துவிடுகிறது. வாசலைத் தாண்டி அந்த நாற்காலியில் உட்காரும் நான்கு மணி நேரம்தான் யார் கணக்கிலும் இல்லாமல் கிடக்கிறது.

கோடிக்கணக்கில் செலவாகும் கட்டடம் எதையும் நான் கேட்கவில்லை. காத்திருப்போர் நடுவில் சுற்றி வருவதற்கென்றே ஒரு நர்ஸ் வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்க வேண்டும். ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்க வேண்டும். மஞ்சள் அட்டை சிவப்பாக மாறுவதை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். ‘உள்ளே இரண்டு மாரடைப்பு, ஒரு விபத்து, உங்கள் முறை வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்’ என்று சொல்லவும் ஆள் வேண்டும். அவசரப் பிரிவில் கைகலப்பு எப்படித் தொடங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பதில் கிடைக்காத ஒரு கேள்வியில்தான் தொடங்கும். அப்புறம், ஸ்ட்ரெச்சருக்கு ஒரு டிரிப்ஸ் ஸ்டாண்டு. இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

நம் பங்குக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். அந்த ராத்திரியில் நானே கற்றுக்கொண்டவை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒவ்வாத மருந்து, கூப்பிட வேண்டிய இரண்டு போன் நம்பர் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி அவர்கள் பர்ஸில் வைத்துவிடுங்கள். அன்றைக்கு டாக்டர் கேட்டபோது, ‘வெள்ளை மாத்திரை ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு’ என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ‘எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?’ என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வியாக இருக்கும். சாதாரண இருமலுக்கும் பழைய மூட்டு வலிக்கும் ராத்திரியில் அவசரப் பிரிவுக்குப் போகாதீர்கள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும்.

காத்திருக்கும்போது நிலைமை மாறினால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். என் பெரியம்மா மாதிரி, தொந்தரவு கொடுக்கக் கூடாதே என்று நினைக்காதீர்கள். சத்தம் போடவும் வேண்டாம். ‘வந்தப்போ தாடை வலி இல்லை, இப்ப இருக்கு. மறுபடி ஒரு தடவை பாருங்க’ என்று சொல்லுங்கள். ‘எவ்வளவு நேரம்தான் உக்கார்றது?’ என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. ஆனால் நிலைமை மாறியிருக்கிறது என்று சொன்னால் யாராவது எழுந்து வந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று. எத்தனை கோபம் வந்தாலும் அந்தப் பிள்ளைகள் மீது கை ஓங்காதீர்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது 2008-ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும், படுக்கைக் கணக்கையும் ஆள் பற்றாக்குறையையும் தீர்மானித்தது அவர்கள் இல்லை. தீர்மானிக்கிறவர்கள் இரவு ஒன்றே முக்கால் மணிக்கு அங்கே இருப்பதில்லை. நம் கேள்வி அவர்கள் மேசைக்குப் போக வேண்டும். மனுவாக, கடிதமாக, ஓட்டுக் கேட்டு வரும்போது வாசலில் கேட்கிற கேள்வியாக.

கடைசியாக, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எதிரே அந்த அம்மா பாட்டிலைத் தூக்கிப் பிடித்து நின்றாரே, நான் முக்கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். என் பெரியம்மா, என் பயம், என் மணிக்கட்டில் இருந்த கடிகாரம் என்று இருந்தேன். அண்ணிதான் எழுந்து போனார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார், தன் பின்னலில் இருந்த ரிப்பனை அவிழ்த்தார், பாட்டிலை அதில் கட்டித் தொங்கவிட்டார். அந்த அம்மா இரண்டு கைகளையும் கீழே போட்டுவிட்டு, விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு கணவரின் காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். ஐந்து ரூபாய் ரிப்பன்.

நர்ஸை நியமிப்பது அரசின் வேலை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை, என்றைக்காவது அந்த நாற்காலிகளில் உட்கார நேர்ந்தால், உங்கள் வரிசையில் இருப்பவர்களையும் கொஞ்சம் பாருங்கள். கூட யாரும் இல்லாமல் தனியாகச் சாய்ந்திருப்பவரை முக்கியமாகப் பாருங்கள். தூங்குகிறார் என்று நீங்களாக முடிவு கட்டாமல், தோளைத் தொட்டு, ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்